வீட்டு ஆமைக்கு வயிறு கெட்டால்?

நமது நிருபர்

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊரில் வாசலில் ஆமையைக் கண்டால் பாட்டிமார் துடைப்பத்தைத் தேடுவார்கள். மும்பைக்கு வந்த பிறகு பேச்சே மாறிவிட்டது. ஆமை இருக்கும் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வடக்குப் பக்கம் வைத்தால் தொழில் விருத்தியாகும் என்கிறார் வாஸ்து பார்ப்பவர். வெண்கல ஆமையோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. உயிருள்ள ஆமையையே வாங்கி வருபவர்களும் உண்டு.

அதிர்ஷ்டம் வந்ததோ இல்லையோ, சில மாதங்களில் அந்த ஆமைக்கு வயிற்றுக் கோளாறு வந்துவிடுகிறது. போட்ட கீரை போட்டபடி கிடக்கும். தண்ணீராகக் கழியும். அல்லது வாரக்கணக்கில் ஒன்றுமே போகாது. வீட்டார் பதறுகிறார்கள். ஆனால் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். பல வீடுகளில் இருப்பது சட்டப்படி வைத்திருக்கக் கூடாத ஆமை என்பதே காரணம். ஆகவே குழந்தைக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டர், பெரியவர்களின் பூச்சி மாத்திரை, விளக்கெண்ணெய் என்று கைக்கு வந்ததைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நாயானால் குரைக்கும், பூனையானால் கத்தும். ஆமையோ சத்தமில்லாமல் செத்துப்போகிறது.

இந்த வாயில்லா ஜீவனின் வயிறு எப்படி வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது, கெட்டால் என்ன செய்யலாம், யாரிடம் போகலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த ஆமை?

தரையில் வாழ்வதற்கும் தண்ணீரில் வாழ்வதற்கும் தமிழில் பொதுவாக ஆமை என்றே சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டுக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

மும்பை வீடுகளில் அதிகம் காணப்படுபவை இரண்டு வகை. ஒன்று நட்சத்திர ஆமை. மேடான ஓடு. கறுப்பின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். கால்கள் யானைக்கால் போலத் தடித்திருக்கும். விரல்களுக்கு நடுவே ஜவ்வு கிடையாது. இது நிலத்து ஆமை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் பிறந்து வளர்வது. புல், இலை, பூ, உதிர்ந்த பழம் இவைதான் இதன் ஆகாரம்.

மற்றது கண்ணாடித் தொட்டியில் விடும் சின்னப் பச்சை ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். காலில் ஜவ்வு இருக்கும். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். இது பூச்சி, சிறு மீன், நீர்ச்செடி எல்லாம் தின்னும். தண்ணீருக்குள்தான் விழுங்கும்.

நிலத்து ஆமைக்கு மீன் உணவு போடுவதும், நீர் ஆமைக்குச் சோறு போடுவதும், இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவதும் பல வீடுகளில் நடக்கின்றன. நிலத்து ஆமைக்கு நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும். வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் வருவது இந்த நிலத்து ஆமைக்குத்தான். எனவே அதைப் பற்றியே இங்கே விரிவாகப் பார்ப்போம்.

மெதுவாக எரியும் அடுப்பு

ஆமைக்குப் பல் கிடையாது. கூரிய அலகால் இலையைக் கிழித்து விழுங்கிவிடும். மென்று கூழாக்கும் வேலை இல்லை. அந்த நார்ப்பொருளை உடைத்துச் சத்தாக்குவது பின்குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். மாட்டுக்கு இந்த வேலை முன்வயிற்றில் நடக்கிறது. குதிரைக்கும் ஆமைக்கும் பின்குடலில் நடக்கிறது. இது அவசரமில்லாத வேலை. நாம் தின்றது ஒன்றிரண்டு நாளில் வெளியேறிவிடும். ஆமை தின்றது வெளியேற வாரக்கணக்கில் ஆவதும் உண்டு.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. நம் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆமைக்கு அந்த வசதி இல்லை. சுற்றுப்புறத்தில் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் வயிற்றிலும். 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் ஜீரணம் ஒழுங்காக நடக்கும். சூடு குறையக் குறைய ஜீரணமும் மந்தமாகும். கடைசியில் குடலில் உள்ளது அப்படியே நின்று புளித்து, வாயு சேர்ந்து, ஆமை தீனியை வெறுத்துவிடும்.

மும்பையில் என்ன குளிர் என்று கேட்கலாம். ஜனவரி இரவுகளில் 16 டிகிரி அளவுக்கு இறங்குவது உண்டு. ஜூலை, ஆகஸ்டில் நாள் கணக்கில் வெயில் தலைகாட்டாது. ஈரத்தரை, டைல்ஸ் தரை, ஏ.சி. அறை எல்லாமே ஆமைக்குக் குளிர்தான். மழைக்காலத்தில் ஆமை சாப்பிடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தீனியை அல்ல, சூட்டைத்தான்.

அன்பே நோயாகிறது

நாம் தின்பதையெல்லாம் ஆமைக்கும் கொடுப்பது அன்பு என்று நினைக்கிறோம். இட்லி, சோறு, சப்பாத்தி, பிஸ்கட், வாழைப்பழம், பால் என்று நீள்கிறது பட்டியல். மாவும் சர்க்கரையும் குடலில் வேகமாகப் புளித்துவிடும். அப்போது நல்ல நுண்ணுயிர்கள் நசித்து, கெட்டவை பெருகும். பலன் வயிற்றோட்டமும் வாயுவும். பால் கூடவே கூடாது. குட்டிக்குப் பால் கொடுக்கும் இனமல்ல ஆமை. பாலைச் செரிக்கும் ஏற்பாடு அதன் வயிற்றில் இல்லை. முட்டை, இறைச்சி, நாய் பிஸ்கட் போன்றவை நிலத்து ஆமையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கீரைதானே என்று தினமும் பாலக் கீரையாகவே போடுவதும் சரியல்ல. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. முட்டைக்கோஸ், தக்காளி, வெள்ளரிக்காய் எப்போதாவது கொஞ்சம் போதும்.

அதற்கு வேண்டியது புல். பத்தில் எட்டுப் பங்கு புல்லும் நாருள்ள இலையும் இருக்கட்டும். இதற்காக அலைய வேண்டியதில்லை. பிள்ளையாருக்கு வாங்கும் அருகம்புல்லே ஆமைக்கு அருமையான உணவு. மாட்டுங்காவில் பூக்கடைகளிலேயே கிடைக்கும். செம்பருத்தி இலையும் பூவும், முருங்கை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் கொடுக்கலாம். பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள் என்ற எண்ணத்தோடு இரண்டு மூன்று முறை அலசிக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். ஒரு துண்டைப் பக்கத்தில் போட்டுவைத்தால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். அந்தச் சத்து உடம்பில் சேர நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

அறிகுறிகள் சொல்லும் கதை

மலச்சிக்கல்: பெரும்பாலும் தண்ணீர் போதாமல் வருவது. ஆமையின் சிறுநீரில் வெள்ளையாகக் குழம்பு போல ஒன்று வருவது இயல்பு. அது மணல் போலக் கரகரப்பாக வந்தால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அடைப்பு: ஆமை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும். கலர் கூழாங்கல், மணல், பிளாஸ்டிக் துண்டு, தலைமுடி எதுவானாலும் சரி. தாராவியில் தையல் வேலை நடக்கும் இடங்களில் வெட்டிப் போட்ட நூலும் துணி நறுக்கும் தரை முழுக்கக் கிடக்கும். நூல் குடலுக்குள் போனால் ஆபத்து. பின்பக்கம் நூல் நுனி தெரிந்தாலும் இழுத்துவிடாதீர்கள். குடல் கிழிந்துவிடும்.

வயிற்றோட்டம்: ஒரு நாள் இளகலாகப் போனால் பழத்தையும் மாவையும் நிறுத்திப் புல் மட்டும் போட்டுப் பாருங்கள். நாற்றம், ரத்தம், சளி, செரிக்காத இலை வந்தால் பூச்சியோ கிருமியோ இருக்கலாம். டாக்டர் பார்க்க வேண்டியது.

முக்குவது: எல்லா முக்கலும் மலச்சிக்கல் அல்ல. மூத்திரப்பையில் கல் இருந்தாலும் முக்கும். பெண் ஆமை முட்டையிட முடியாமல் தவித்தாலும் முக்கும். பின்னங்காலால் தரையைப் பறிப்பது போலச் செய்தால் முட்டையை நினைவில் கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுவது: இது வயிறே அல்ல, நுரையீரல். இதற்கும் தீனி இறங்காது. ஜீரணக் கோளாறு என்று நினைத்து நாளைக் கடத்தினால் ஆமை பிழைக்காது.

முதல் உதவி

டாக்டரிடம் போவதற்குள் வீட்டில் செய்யக்கூடியவை மூன்றுதான். சூடு, தண்ணீர், புல்.

சூட்டுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி அல்லது மரப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியில் மட்டும் 40 வாட் அல்லது 60 வாட் குண்டு பல்பைப் பெட்டியில் படாதபடி உயரத்தில் தொங்க விடுங்கள். பல்புக்குக் கீழே 32 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஒரு சாதாரண வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மறு கோடி நிழலாக இருக்கட்டும். சூடு வேண்டுமானால் இந்தப் பக்கம் வரும், போதுமென்றால் அந்தப் பக்கம் போகும். ஸ்டவ் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தண்ணீருக்கு ஓர் அகலத் தட்டில் வெதுவெதுப்பான நீர் விட்டு ஆமையை நிற்க வையுங்கள். நீர் அதன் தாடைக்கு மேல் வரக்கூடாது. 15 முதல் 20 நிமிடம் போதும். பக்கத்திலேயே இருங்கள். பல ஆமைகள் அந்தத் தண்ணீரிலேயே குடித்து, அதிலேயே மலமும் கழித்துவிடும். சாதாரண மலச்சிக்கல் இரண்டு மூன்று நாள் குளியலிலும் சூட்டிலும் தீர்ந்துவிடுவது உண்டு. குளியல் முடிந்ததும் துடைத்துச் சூட்டில் விடுங்கள்.

வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போனால் அதோடு முடிந்தது. விளக்கெண்ணெய், கிரைப் வாட்டர், மனிதர்களின் பேதி மாத்திரை எதுவும் வேண்டாம். முக்கியமாக ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து. ஆடு, மாட்டுக்குப் போடுகிறார்களே, ஆமைக்கும் போடலாமே என்று நினைக்க வேண்டாம். ஆமைகளை அது கொன்றுவிடும். ஆமைக் குடலில் கொஞ்சம் நூல்புழு இருப்பது சகஜம். எந்தப் புழு, எவ்வளவு என்று பார்த்த பிறகே மருந்து.

வளர்ந்த ஆமை சூடான இடத்தில் இருந்தும் ஒரு வாரம் தின்னாமல், கழிக்காமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். குட்டியானால் இரண்டு மூன்று நாளே அதிகம். பின்பக்கம் சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சுத்தமான ஈரத்துணியால் மூடி, காயாமல் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஆண் ஆமை சில சமயம் தன் உறுப்பைக் கருநிறமாக வெளியே நீட்டி உடனே இழுத்துக்கொள்ளும். அதைக் கண்டு குடல் என்று பயப்பட வேண்டாம்.

பரேலில் ஆஸ்பத்திரி

மும்பையில் மிருகங்களுக்கென்று பழைய பெரிய ஆஸ்பத்திரி பரேலில் இருக்கிறது. பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக மருத்துவமனை என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவருகிறது. 1886-ல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில்தான். மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ லோக்கலில் தாதரை அடுத்தது பரேல். தாராவிக்காரர்கள் சயானில் ஏறலாம். செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் குர்லா வந்து மாற வேண்டும்.

போகும்போது காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து ஆமையை வையுங்கள். அன்று கழித்த மலத்தை ஒரு சுத்தமான டப்பியில் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு ஆமையைவிட அந்த டப்பி அதிகம் சொல்லும். என்ன தீனி, எத்தனை நாளாகத் தின்னவில்லை, என்ன மருந்து ஏற்கனவே கொடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உலகறிந்த ஓர் ஆமையின் வைத்தியம்

நெப்போலியனைச் சிறைவைத்த செயின்ட் ஹெலினா தீவில் கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் வளர்ந்த ஜானதன் என்ற ராட்சத ஆமையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1832-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தது என்பது கணக்கு. 1882-ல் அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதுவரை அறியப்பட்ட ஆமைகளிலேயே அதிக வயதானது என்று கின்னஸ் நிறுவனம் 2022-ல் அறிவித்தது.

வயதான காலத்தில் ஜானதனுக்குக் கண் தெரியவில்லை, மோப்பமும் போய்விட்டது. எது புல், எது மண் என்று தெரியாமல் மேய்ந்ததில் சத்துக் குறைந்து மெலிந்தது. அலகு மழுங்கி உதிரத் தொடங்கியது. தீவின் கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் அதற்கு முக்கியமாகக் கொடுத்தது ஊசியல்ல. வாரத்துக்கு ஒரு முறை காய்களையும் பழங்களையும் தம் கையாலேயே ஊட்டினார். அலகு மறுபடி கூர்மையானது. தானாகவே புல் மேயத் தொடங்கியது.

கண்ணில்லாத கிழட்டு ராட்சத ஆமைக்கு ஒரு மருத்துவர் பார்த்துக் கொடுத்த தீனி அது. அதைப் பார்த்து நம் வீட்டுச் சின்ன ஆமைக்குப் பழம் ஊட்ட வேண்டாம். ஆமை நோயின் வேர் பெரும்பாலும் தீனியிலும் இருப்பிடத்திலும் இருக்கிறது, மருந்து சீசாவில் இல்லை என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

குழந்தைகள் ஜாக்கிரதை

ஆமையின் வயிற்றில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாது. நமக்குக் காய்ச்சலும் பேதியும் வரும். இதற்காகவே அமெரிக்காவில் 1975-ல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடை செய்தார்கள். ஒரே அறையில் சமையல், படுக்கை எல்லாம் நடக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. பாத்திரம் துலக்கும் மோரியில் ஆமையைக் குளிப்பாட்டாதீர்கள். அதற்கென்று தனித் தட்டு, தனி பிரஷ் இருக்கட்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அமீனா வருவதற்கு முன்

இனிச் சட்டத்துக்கு வருவோம். நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் அது முதல் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். காசு கொடுத்து வாங்கினேன், ரசீது இருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. ஆப்பிரிக்காவின் சல்கட்டா போன்ற வெளிநாட்டு நில ஆமைகளை வைத்திருப்பவர்களும் 2024-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

இத்தனை கடுமை ஏன்? இந்தியாவில் ஒரே ஒரு வாணிப மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடித்துச் செல்லப்படுவதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சர்வதேச வாணிபத்தையும் 2019-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் தடை செய்தன. கையையும் காலையும் அசைக்க முடியாதபடி பெட்டிகளில் அடைத்து, தீனியும் தண்ணீரும் இல்லாமல் நாள் கணக்கில் கொண்டுவருகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்த ஆமையின் வயிற்றுக் கோளாறு பல சமயம் அந்தப் பயணத்திலேயே தொடங்கிவிட்டது.

பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக மித்தி ஆற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். நிலத்து ஆமைக்கு அது கொலை. புதரில் கொண்டுபோய் விடுவதும் தீர்வல்ல. வீட்டில் ஒட்டிய நோயை அங்கே உள்ள ஜீவன்களுக்கும் பரப்பிவிடும்.

மகாராஷ்டிர வனத்துறையின் இலவசத் தொலைபேசி எண் 1926. வீட்டில் நட்சத்திர ஆமை இருக்கிறது, உடம்பு சரியில்லை, ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். மராத்தி நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. பிடிபடுவதைவிடத் தானே முன்வந்து ஒப்படைப்பது எல்லா விதத்திலும் மேல்.

ஒப்படைத்த ஆமைக்கு வழி இருக்கிறது. சிங்கப்பூரில் பறிமுதலான 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. காட்டுக்குத் திருப்பும் நோக்கத்தோடு அவற்றைத் தனியே வைத்துக் கவனித்தார்கள். கடல் தாண்டிப் போனவற்றுக்கே ஊர் திரும்ப வழி பிறந்தது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பத்துக்குப் பத்து அறையில் வாழப் பழகியவர்கள் நாம். ஊர்த் தண்ணீரும் ஊர்ச் சாப்பாடும் மாறினால் வயிறு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியும். நாமாவது விரும்பி வந்தோம், லீவு கிடைத்தால் ரயிலேறி ஊருக்குப் போகிறோம். அதற்கு அந்த வசதி இல்லை. இன்று அதற்குச் சூடும் நீரும் புல்லும் கொடுங்கள். நாளை 1926-க்குப் போன் செய்யுங்கள்.